செம்மரமா, சாயமா?

ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் பழம்பொருள் சந்தைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மரப்பாச்சி வாங்கப் போகிறீர்கள் என்றால், விலை கேட்பதற்கு முன் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துப் பாதத்தைப் பாருங்கள்.

போன மாதம் வானொலி நிகழ்ச்சி முடிந்த கையோடு ஒரு நேயர் அழைத்தார். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். லயன் வீடுகளைக் காலி செய்தபோது, பாட்டியின் ஜோடி மரப்பாச்சியைத் தகரப்பெட்டியோடு சேர்த்து 20 வெள்ளிக்குக் கொடுத்துவிட்டார்களாம். இப்போது மகளுக்குக் கல்யாணம். சீரில் வைக்க அதே மாதிரி ஜோடி தேடுகிறார். ஒரு கடையில் ‘நூறு வருஷப் பழசு’ என்று 600 வெள்ளி சொல்கிறார்கள். “வாங்கலாமா தங்கச்சி?” என்று கேட்டார்.

முதலில் மரம். நல்ல மரப்பாச்சியைச் செம்மரத்தில் செய்வார்கள். வயிரம் பாய்ந்த செம்மரம் தண்ணீரில் மூழ்கும், அவ்வளவு கனம். கையில் எடுத்ததும் லேசாக இருந்தால், சாதாரண மரத்துக்குச் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். செம்மரம் 1995 முதல் ‘சைட்டிஸ்’ எனும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே மாற்று மரம் புகுவதில் ஆச்சரியமில்லை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தால் சிவப்பு வரும் என்று சிலர் சொல்வார்கள். செம்மரத்திலும் வரும், சாயத்திலும் வரும். அந்தச் சோதனையை நான் நம்புவதில்லை.

கனம் மரத்தைத்தான் சொல்லும், வயதைச் சொல்லாது. வயதுக்குத் தேய்மானம்தான் சாட்சி. குழந்தைகள் வாயில் வைத்துக் கடித்த பொம்மையில் மூக்கு மழுங்கியிருக்கும். கழுத்து மடிப்பும் முதுகும் அந்த அளவு தேய்ந்திருக்காது. எல்லா இடமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் வேலை. பழைய விரிசலின் உள்பக்கம் கறுத்திருக்கும்; புது விரிசலில் பச்சை மரம் எட்டிப் பார்க்கும். செதுக்கின பள்ளங்களில் எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் இறுகிக் கிடக்கும். பூசின அழுக்கு நகத்தால் சுரண்டினாலே உதிரும். பாதத்தின் அடியில் கீறல்கள் நாலா பக்கமும் ஓட வேண்டும். பல வருடம் கொலுவில் நின்றது, தரையில் இழுபட்டது அல்லவா?

அக்கா மறுபடி போய்ப் பார்த்தார். அடியில் ரம்பம் ஓடிய கோடு இன்னும் கூர்மையாக இருந்ததாம். “புதுசுன்னே சொல்லிக் குடுங்க, வாங்கிக்கிறேன்” என்று பேரம் பேசி, 90 வெள்ளிக்கு வாங்கி வந்துவிட்டார். புதுப் பொம்மை விற்பதில் தப்பே இல்லை. இல்லாத வயதுக்குக் காசு கேட்பதில்தான் எனக்குக் கோபம்.

இளையவர்களுக்கும் ஒன்று. அலமாரியில் கிடக்கும் பார்பியின் முதுகில் 1966 என்றும் மலேசியா என்றும் பொறித்திருந்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம். அது உடல் வார்ப்புக்கான காப்புரிமை ஆண்டு. அதே எண்ணோடு பல பத்தாண்டுகள் பொம்மைகள் வெளிவந்தன. நம் நாட்டின் பெயர் உள்ளவை பெரும்பாலும் 80, 90களைச் சேர்ந்தவை.

வீட்டில் பாட்டியின் மரப்பாச்சி இருந்தால், பளபளப்பாக்குகிறேன் என்று வார்னிஷ் மட்டும் அடித்துவிடாதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.