ஒரு கலத்துக்கு இருக்கிற ஒழுங்கு ஒரு அமைச்சுக்கு இல்லையா?

பதுளை, பசறை, ஹாலிஎல உறவுகளே,

2023 இமியுனோகுளோபியுலின் விவகாரத்தை நாம் மறந்தே போனோம். "அரசியல்வாதி களவெடுத்தான், புதுசா என்ன?" என்று கடந்துவிட்டோம். போனது காசு மட்டுமில்லை. கொஞ்சம் உயிரியல் வரும், பொறுமையாக வாசியுங்கள்.

நம் என்புமச்சையில் உருவாகும் ஒவ்வொரு பீ கலமும், தனக்கென்று ஒரு பிறபொருளெதிரியைச் செய்யத் தன் பரம்பரையலகையே வெட்டி ஒட்டுகிறது. இதை நிரூபித்த சுசுமு தொனெகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. வெட்டும் கத்தி, ராக் 1, ராக் 2 என்ற புரதங்கள். கத்தி தப்பான இடத்தில் பட்டால் புற்றுநோய்கூட வரலாம். அதனால் கலம் அதைக் கண்டபடி விடுவதில்லை. முதலில் பாரச் சங்கிலி: டீ துண்டு ஜே துண்டோடு சேரும், பிறகு வீ துண்டு வந்து சேரும். ஒரு நிறமூர்த்தத்தில் சரியாக அமைந்தால் மற்றதற்கு "போதும்" என்று சமிக்ஞை போகும், கத்தி உறைக்குள் போகும். கலம் பெருகிய பிறகுதான் இலேசான சங்கிலிக்காகக் கத்தி மறுபடி வெளியே வரும். கடைசியில் இன்னொரு சோதனை: சொந்த உடலையே தாக்கும் கலமென்றால் திருத்தப்படும், இல்லையேல் அழிக்கப்படும்.

சில பிள்ளைகளில் இந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. பீ.டீ.கே. என்ற பரம்பரையலகு பழுதான ஆண் பிள்ளைக்கு பீ கலம் முதிராது. மாறி மாறி நியூமோனியா, காதில் சீழ். ஊர் என்ன சொல்லும்? "தாய் ஒழுங்காப் பாக்கல்ல." ஆசிரியர்களான நாமும் சொல்லியிருக்கிறோம். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

அந்தப் பிள்ளைக்கு மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்க, அடுத்தவர்களின் பிறபொருளெதிரி ஏற்ற வேண்டும். அதுதான் இமியுனோகுளோபியுலின். ஆயிரக்கணக்கானோரின் குருதிப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுப்பது. அது அமானிதம்.

அந்த அமானிதத்தில்தான் கை வைக்கப்பட்டது. வழக்கில் பேசப்படுவது 22,500 குப்பிகள். நோயாளிகளுக்கு ஒவ்வாமை வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 2024 பெப்ரவரி 2இல் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல கைதானார். குற்றவாளி யாரென்று நீதிமன்றம் சொல்லட்டும். நம் கேள்வி வேறு: கண்ணுக்கே தெரியாத ஒரு கலம் படிக்குப் படி நிறுத்திச் சோதிக்கிறது. ஒரு நாட்டுக்கு வந்த மருந்து நோயாளியின் நாளத்துக்குள் போகும்வரை யார் நிறுத்திச் சோதித்தார்கள்?

இதைச் சாட்டாக வைத்து "தடுப்பூசியும் வேண்டாம்" என்போருக்கும் ஒரு வார்த்தை. மோசடி செய்தது மனிதன், மருத்துவம் இல்லை. தடுப்பூசி வேலை செய்வதே இந்த பீ கலங்களை வைத்துத்தான்.

"இது கொழும்புப் பிரச்சினை" என்று சொல்லாதீர்கள். பரம்பரையலகு லயம், பங்களா பார்த்துப் பழுதாவதில்லை. லயத்துப் பிள்ளைக்குத்தான் கொழும்பு தூரம்.

ஆகவே நாம் கேட்போம். இப்படியான மருந்துகளின் தரப் பரிசோதனை முடிவு, தொகுதி வாரியாகப் பகிரங்கமாக வரவேண்டும். அடிக்கடி நியூமோனியா வரும் பிள்ளையின் இமியுனோகுளோபியுலின் அளவைப் பார்க்க, பதுளையிலிருந்தே இரத்த மாதிரி பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் போக வழி வேண்டும்.

அளவை நிறுவையில் மோசடி செய்வோரைக் கடுமையாக எச்சரிக்கும் மார்க்கம் நம்முடையது. நாமே வாய் மூடியிருந்தால் வேறு யார் கேட்பது?

பகிருங்கள்.