இரையாக வந்த நஞ்சு

'இயற்கை' என்ற அடைமொழி ஷாம்பு புட்டி வரைக்கும் ஒட்டப்பட்டுவிட்ட காலம் இது. ஆகவே, வட அமெரிக்க ஏரிகளை ஆக்கிரமித்த வரிக்குதிரைச் சிப்பிகளை 'இயற்கையான' பாக்டீரியா கொண்டு ஒழிக்கலாம் என்ற செய்தியை ஐயத்துடனேயே படிக்கத் தொடங்கினேன். ஐயம் பெரும்பாலும் தீர்ந்தது. வேறொரு கவலை பற்றிக்கொண்டது.

கருங்கடல், காஸ்பியன் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட, விரல்நகம் அளவேயான சிப்பி இது. சரக்குக் கப்பல்கள் நிலைதடுமாறாதிருக்கத் தொட்டிகளில் நிரப்பிவரும் நீரின் வழியே வந்து, 1988இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்டது. மின்நிலையக் குழாய்களை அது அடைத்ததே பெரிதாகப் பேசப்பட்டது. என்னை உறுத்துவது அங்கிருந்த பூர்வீகச் சிப்பிகளின் கதி. அவற்றின் ஓட்டின்மீதே கொத்துக்கொத்தாக ஒட்டி, இரையெடுக்கவும் விடாமல், சில ஆண்டுகளுக்குள் அவற்றை ஏறக்குறையத் துடைத்தெறிந்துவிட்டது.

குளோரின் கலந்தால் இச்சிப்பி நஞ்சை உணர்ந்து ஓட்டை இறுக மூடிக்கொண்டு நாள்கணக்கில் காத்திருக்கும். அதற்குள் பிற உயிர்கள் மடியும். நியூயார்க் மாநில அருங்காட்சியகத்தின் டேனியல் மொல்லாய் குழுவினர் 700க்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகளைச் சோதித்து, மண்ணிலும் நீரிலும் வாழும் சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸின் ஒரு வகையைத் தேர்ந்தெடுத்தனர். சிப்பி அதை இரையென்றே எண்ணி உள்ளிழுக்கிறது. செரிமானச் சுரப்பி சிதைந்து இறக்கிறது. (தூண்டிலில் கோப்பதையும் தமிழில் இரை என்றுதானே சொல்கிறோம்!) செத்த பாக்டீரியாவே இதற்குப் போதும் என்பதால் நோய் பரவும் அச்சமும் இல்லை. 'செக்வனாக்ஸ்' என்ற பெயரில் 2011இல் குழாய்களுக்கும், 2014இல் திறந்த நீர்நிலைகளுக்கும் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது.

இயற்கையானது என்பதற்காக இதை நான் ஆதரிக்கவில்லை, ஆர்செனிக்கும் இயற்கையானதே. பூர்வீகச் சிப்பிகளைப் பெரிதும் விட்டுவைத்து, வந்தேறியைக் கொல்கிறது என்பதற்காகவே ஆதரிக்கிறேன். ஆனால் குழாயையும் சிறு விரிகுடாவையும் காக்கலாமே தவிர, கடல் போன்ற மிச்சிகன் ஏரிக்கு எத்தனை டன் கொட்டுவது?

கவலை இங்கேதான். வெற்றுத் தொட்டிகளையும் கடல்நீரால் அலசிவிட்டே நுழைய வேண்டும் என்ற எளிய விதி செயின்ட் லாரன்ஸ் கடல்வழி முழுமைக்கும் வந்தது 2008இல். சிப்பி வந்து இருபது ஆண்டுகள் கழித்து! இன்று பாக்டீரியாவுக்குப் பணம் கட்டுவதோ மின்நிலையமும் நகராட்சியும். அதை ஏற்றிவந்த கப்பல்காரர் அல்லர்.