மீன் நோய்க் கிருமிகளும் அவற்றின் பெயர்களும்

குளங்களிலும் குட்டைகளிலும் மீன் வளர்க்கும் மிராசுதார்களிற் பலர், மீன் நோய்க் கிருமிகளுக்குச் சாஸ்திர அறிஞர் இடும் பெயர்களால் தமக்கு யாதொரு பயனுமில்லை என்று எண்ணுகின்றனர். ஒரு கிருமிக்கே அடிக்கடி பெயரை மாற்றுவது கற்றோரின் வீண் விளையாட்டு என்று கூறுவாரும் உண்டு. இவ்வெண்ணம் இயல்பானதே, ஆயினும் சரியானதன்று.

இதற்குக் காலம்னாரிஸ் என்னும் நோயே தக்க சான்றாகும். இந்நோய் கண்ட மீனின் முதுகில், சேணம் வைத்தாற்போல வெளிறிய திட்டுத் தோன்றும். துடுப்புகள் சிதையும், செவுள்கள் அழுகும். நீர் வெதுவெதுப்பாயிருக்கும் காலத்தில் ஒரு சில நாட்களிலேயே மீன்கள் திரளாக மடியும். பஞ்சு படிந்தாற்போன்ற தோற்றத்தைக் கண்டு பூசணமென்று மயங்கி, அதற்குரிய மருந்திட்டுப் பணத்தையும் காலத்தையும் இழப்பவர் பலர். உண்மையில் இதனை விளைப்பது மெல்லிய நீண்ட கோல் வடிவமான பாக்டீரியா ஆகும்.

1922-ம் வருஷத்தில், அமெரிக்காவில் மிஸிஸிப்பி நதி மீன்களில் இதனை முதன்முதலாக விவரித்தவர் டேவிஸ் என்பவர். மைக்ராஸ்கோப்பில் இக்கிருமிகள் தூண்தூணாகக் குவிந்து நிற்கக் கண்ட அவர், பாஸில்லஸ் காலம்னாரிஸ் என்று பெயரிட்டார். 1944-ல் ஆர்டால், ரக்கர் என்னும் இருவர் இதனைத் தனியே பிரித்து வளர்த்து, கனிபோன்ற திரட்சிகளை உண்டாக்கும் இனத்தைச் சேர்ந்ததெனக் கருதிக் காண்ட்ரோகாக்கஸ் என்றனர். அத்தகைய திரட்சிகள் இல்லையெனக் கண்டு, 1945-ல் கார்ன்ஜோப்ஸ்ட் என்பவர் சைட்டோபாகா என்று மாற்றினார். 1974-ல் அது பிளெக்ஸிபாக்டர் ஆயிற்று. 1996-ல் பெர்னார்டே என்பவரும் அவருடைய துணைவர்களும் மரபுப் பொருளை ஒப்பிட்டுப் பார்த்துப் பிளேவோபாக்டீரியம் என்னும் பேரினத்தில் சேர்த்தனர். இத்தனை மாறுதல்களிலும் டேவிஸ் இட்ட இரண்டாம் பெயர் அழியவில்லை. இலக்கண விதிப்படி காலம்னாரே என்று ஈறு மட்டும் திரிந்தது. ஒவ்வொரு மாறுதலும் முன்னிருந்த அறிவின் பிழையைத் திருத்தியதேயன்றி விளையாட்டாக நேர்ந்ததன்று.

2022-ல் நேர்ந்த மாறுதல் மீன் வளர்ப்போரை நேராகத் தொடுவது. ஒன்றென எண்ணப்பட்ட இக்கிருமி நான்கு தனி இனங்கள் என்று அவ்வருஷம் வகுக்கப்பட்டது. அவை காலம்னாரே, கோவே, டேவிஸியை, ஓரியோக்ரோமிஸ் என்பன. கோவே என்பது இந்நோயை ஆராய்ந்த கோவா ஆரியாஸ் அம்மையாரின் பெயரால் வந்தது. டேவிஸியை என்பது டேவிஸை நினைவூட்டுவது. ஓரியோக்ரோமிஸ் என்பது ஜிலேபிக் கெண்டையின் சாஸ்திரப் பெயர்.

இப்பிரிவினையால் பயன் யாதெனின், அமெரிக்கக் கெளுத்திப் பண்ணைகளின் அனுபவமே விடை கூறும். அங்கு இந்நோய்க்கு முதலிற் செய்த தடுப்பு மருந்து, இன்று காலம்னாரே எனப்படும் பிரிவின் கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்யப்பட்டது. கெளுத்திகளைப் பெரும்பாலும் கொன்றதோ, இன்று கோவே எனப்படும் பிரிவு. இந்த இரண்டாம் பிரிவின் கிருமியைக் கொண்டு செய்த மருந்தே மீன்களை மிகுதியாகக் காத்ததென 2013-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. இரண்டு கிருமிகள் ஒரே பெயரில் மறைந்திருந்தமையால் விளையும் தீங்கு இத்தகையது.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஒரே சர்வே நம்பரில் அடங்கிய நிலம் பாகப்பட்டால் உட்பிரிவு எண் இடுவதும், மறு சர்வேயில் நம்பர் மாறினால் பழையதையும் புதியதையும் சேர்த்தெழுதுவதும் அவர்கள் அறிந்த முறையே. உட்பிரிவு காட்டாத கணக்கால் வழக்கு வளரும். இனம் காட்டாத நோய்க் குறிப்பால் நஷ்டம் வளரும்.

பெயர் மாற்றத்தால் குழப்பம் நேர்வதென்னும் குறையை மறுப்பதற்கில்லை. பழைய நூலில் ஒரு பெயரும் புதிய அறிக்கையில் வேறொரு பெயருமிருந்தால் படிப்போர் இரண்டு நோய்களென மயங்குவர். ஆதலால் நோய் அறிக்கைகளில் புதிய பெயருடன் பழைய பெயரையும் குறிப்பது அவசியம். பெயரறிந்த மாத்திரத்தில் நோய் தீர்ந்துவிடாது என்பதும் உண்மையே. நெருக்கமின்றி மீன் விடுதல், வலையிழுக்கையில் காயம்படாமற் காத்தல், நீரில் பிராணவாயு குறையாமற் பார்த்தல் ஆகியவை நான்கு இனங்களுக்கும் பொதுவான காப்பு.

எனினும் நோய் கண்டவுடன் கைக்குக் கிடைத்த மருந்தைக் குளத்திற் கொட்டும் வழக்கம் ஒழியவேண்டும். செத்து அழுகிய மீனில் வேறு கிருமிகள் பெருகி உண்மையை மறைத்துவிடும். ஆகவே நோய்க்குறியுள்ள உயிர் மீன்களையே பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். எதிரியின் பெயரும் ஊரும் அறியாமல் வழக்குத் தொடுப்பார் இல்லை. கிருமியின் பெயரறியாமல் மருந்திடுவதும் அதுபோன்றதே.