இந்தியில் பத்து வரை எண்ணினால் போதுமா?



வட இந்தியாவுக்குச் சுற்றுலா செல்வோர்க்கென எளிய உரையாடல் ஏடுகள் விற்கப்படுகின்றன. 'ஏக், தோ, தீன்' எனப் பத்து வரை எண்கள். அடுத்து 'யஹ் கித்னே கா ஹை?' (இது என்ன விலை?) என்னும் வினா. இவ்வளவு போதும், கடைத்தெருவில் பேசிவிடலாம் என்கிறார்கள். இஃது அரைகுறைக் கல்வி என்பேன். வினாவைக் கற்பித்தவர் விடையைக் கற்பிக்கவில்லையே!

கடைக்காரர் 'பச்பன்' என்பார். அது 55. 25 என்பது 'பச்சீஸ்'; 35 என்பது 'பைந்தீஸ்'. ஐந்தைக் குறிக்கும் 'பாஞ்ச்' எங்கே போயிற்று? 29 'உன்தீஸ்', அதாவது முப்பதுக்கு ஒன்று குறைவு. அதே வழியில் 89 அமையும் என எதிர்பார்த்தால் 'நவாசி' என்று வந்து நிற்கும். ஆகவே நூறு வரை ஏறத்தாழ ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே மனத்தில் இருத்த வேண்டும்.

150 'டேட் சௌ'. 250 'டாயி சௌ'. மணி ஒன்றே முக்கால் 'பௌனே தோ', அதாவது இரண்டுக்குக் கால் குறைவு. 'தோ' மட்டும் காதில் விழுந்தவர் இரண்டு மணி என நினைத்துத் தொடர்வண்டியைத் தவறவிடுவார்.

நான் இந்தியைப் பழிக்கவில்லை. பயிற்றும் முறையையே சாடுகிறேன். 'தீரே போலியே' (மெதுவாகச் சொல்லுங்கள்), 'லிக் தீஜியே' (எழுதிக் கொடுங்கள்) என்னும் இரண்டு தொடர்களையாவது முதலில் கற்பித்தால் பயனுண்டு. விலையையும் மணியையும் காதால் கேட்டுப் பழக்குவதே முறை.

என்னை வருத்துவது வேறொன்று. இத்துணைச் சுமையை விருப்புடன் ஏற்கும் நம்மவருள் சிலர், 'தமிழ் எண்கள் பிள்ளைக்குக் கடினம்' என்று வீட்டில் ஆங்கில எண்களையே புழங்குகின்றனர். இருபத்தைந்து, முப்பத்தைந்து, ஐம்பத்தைந்து: இவற்றில் ஐந்து ஒளிந்து கொள்ளவில்லையே! தொண்ணூறும் தொள்ளாயிரமும் சற்றே இடறும், அவ்வளவுதான். இதுவா கடினம்?

கணக்குப் பாடம் எம்மொழியில் என்னும் பூசல் 2003 தொட்டு நம் தமிழ்ப்பள்ளிகளை விட்டு முற்றாக அகலவில்லை. வீட்டிலேயே தமிழ் எண் மறைந்துவிட்டால், பள்ளியில் அதற்காக எந்த முகத்தோடு வாதாடுவோம்?

பிறமொழி கற்போம், செம்மையாகக் கற்போம். அதற்குமுன், பெற்றோர்களே, இன்றைய கடைச் செலவைப் பிள்ளையிடம் தமிழில் கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள்.