மூன்றாவது தரப்பு எங்கே?

"குடியேற்றவாசிகளுக்கும் கிராமவாசிகளுக்கும் இடையே மோதல்." கிழக்கிலங்கையிலிருந்து வரும் செய்திகளுக்கென்று இந்தத் தலைப்பு பத்திரிகைக் காரியாலயங்களில் எப்போதும் தயாராகவே இருக்கும். ஊரின் பெயரையும் திகதியையும் மாற்றினாற் போதும். ஐம்பதுகளில் அச்சேறிய தலைப்பு இன்றும் பழுதின்றிப் பொருந்தும். வாழ்நாளின் பெரும்பகுதியைச் செய்தித்தாளிற் கழித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அந்தத் தலைப்பின் ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருக்கலாம். ஆயினும் தலைப்பு பொய்யானது. அதில் இரண்டு தரப்புகளே உள்ளன. தண்ணீரைப் பங்கிட்ட கையும், காணி அனுமதிப்பத்திரத்திற் கையொப்பமிட்ட கையும் அதில் இல்லை. மூன்றாவது தரப்பு எங்கே?

ஈச்சிலம்பற்று என்ற பெயரை நமது வாசகர்களிற் பலர் போர்ச் செய்திகளிலேயே கேள்விப்பட்டிருப்பார்கள். திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடி. வெருகல் பிரதேச செயலகப் பிரிவு. மகாவலியின் கிளையான வெருகல் ஆறு கடலைச் சேரும் இடம் அது. பூநகர், மாவடிச்சேனை, கறுக்காமுனை, வட்டவான், வாழைத்தோட்டம், சீனன்வெளி, உப்பூறல், இலங்கைத்துறை முகத்துவாரம் என நீளும் கிராமங்கள். நாட்டின் மிகப் பெரிய ஆறு வந்து முடியும் இடம் செழித்திருக்க வேண்டும் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் இது உலர் வலயம். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவத்திற் கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் மண் வெடிக்கும். கரையோரக் கிணறுகளில் உவர் ஏறும்.

இத்தகைய மண்ணில் வாழ்வதற்கு ஒரு முறை உண்டு. மழைக்காலத்திற் சேனையும் மானாவாரி வயலும்; கோடையிற் களப்பும் கடலும்; வயல் விளையும் காலத்தில் மாடுகளை ஊரை விட்டு அகற்றிக் காட்டோர மேய்ச்சல் தரைக்குக் கொண்டுசெல்லல்; தேனும் விறகும் மருந்து வேரும் காட்டிலிருந்து. நீரைப் பங்கிட வட்டைவிதானை. வழக்குத் தீர்க்க ஊர்ப் பெரியவர்கள். ஆண்டுக்கொருமுறை அனைவரும் கூட வெருகற் சித்திர வேலாயுதர் திருவிழா. இந்த வாழ்க்கையில் ஒரு காணித்துண்டுக்கு ஒருவரே உரிமையாளர் என்பது எப்போதும் பொருந்தாது. ஒரே நிலம் ஒரு பருவத்தில் ஒருவரின் சேனை, மறு பருவத்தில் இன்னொருவரின் மாட்டுக்கு மேய்ச்சல். எழுதப்படாத இந்த உரிமைதான் கொழும்பிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாமற் போனது. பத்திரம் இல்லாத நிலம் "வெற்று நிலம்" எனப்பட்டது. ஆள் இருந்தும் ஊர் வெற்றிடம் ஆயிற்று.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் தொடங்கி, சுதந்திரத்தின் பின் விரைவுபெற்ற குடியேற்றத் திட்டங்களின் தத்துவம் இதுவே. தெற்கிலும் மலையடிவாரத்திலும் காணியற்ற ஏழைகள் இருந்தார்கள் என்பது உண்மை. குளங்களைத் திருத்தி, வாய்க்கால் வெட்டி நெல் விளைவிப்பது நாட்டுக்குத் தேவை என்பதும் உண்மை. அதை மறுப்பவன் அல்லேன். கந்தளாய், அல்லை ஆகிய திட்டங்களில் விளைந்த நெல்லைச் சிங்களவர் மட்டும் உண்ணவில்லை. ஆனால் எவருக்கு முதலிற் காணி, எவருடைய வயலுக்கு முதலில் நீர், வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்ற முடிவுகளை எடுத்தவர்கள் நெல்லை மட்டும் எண்ணவில்லை. தலைகளையும் எண்ணினார்கள். 1881ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் திருகோணமலை மாவட்டத்திற் சிங்களவர் ஏறத்தாழ 4 சதவீதம். 1981இல் மூன்றில் ஒரு பங்கு. போருக்குப் பிந்திய 2012இல் 27 சதவீதம். இடையில் 1976ஆம் ஆண்டின் எல்லை மீள்நிர்ணயம் மூதூர்த் தொகுதியைப் பிரித்துச் சேருவில என்ற புதிய தொகுதியை உருவாக்கியது. நீர்ப்பாசனத் திணைக்களம் வெட்டிய வாய்க்கால் ஒன்று வாக்குப்பெட்டியிற் போய் முடிவதை உலகம் வேறெங்கும் இத்தனை தெளிவாகக் கண்டிருக்காது.

"ஒரே நாடு, எவரும் எங்கும் வாழலாம், தமிழர் வெள்ளவத்தையில் வாழவில்லையா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். வெள்ளவத்தையில் வீடு வாங்கிய தமிழர் தம் பணத்தில் வாங்கினார். அரசாங்கம் அவருக்குக் காணியும் வீடும் வாய்க்காலும் கட்டிக்கொடுத்துப் பாதுகாப்புக்குக் காவலரணும் அமைத்துத் தரவில்லை. அது போகட்டும்; இந்தத் தத்துவம் எதிர்த்திசையிற் பரீட்சிக்கப்பட்ட ஒரு சந்தர்ப்பமும் நமது வரலாற்றில் உண்டு. 1957இல் பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைக் கையளித்தபோது வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைப் பதவியாவிற் குடியேற்ற அரசாங்கம் எண்ணியது. அங்கிருந்த சிங்களத் தொழிலாளர் அதை எதிர்த்து நின்றனர், திட்டம் கைவிடப்பட்டது, 1958ஆம் ஆண்டின் கலவரத்துக்கு முந்திய பதற்றங்களில் அதுவும் ஒன்று. எவரும் எங்கும் வாழலாம் என்ற விதி ஒரு திசையில் மட்டுமே ஓடும் நதி போலும்.

தீர்வு தெரியாமல் நாம் இந்த நிலைக்கு வரவில்லை என்பதே பெரும் வேதனை. 1957ஆம் ஆண்டின் பண்டாரநாயக்க–செல்வநாயகம் உடன்படிக்கை, குடியேற்றத் திட்டங்களுக்குக் காணி பெறுவோரைத் தெரிவுசெய்யும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு வழங்க உடன்பட்டது. மறு ஆண்டே அது கிழித்தெறியப்பட்டது. 1965ஆம் ஆண்டின் டட்லி–செல்வநாயகம் உடன்படிக்கை வரிசையையே எழுதி வைத்தது: வடக்கு கிழக்குக் காணிகள் முதலில் அந்தந்த மாவட்டத்தின் காணியற்றோருக்கு, அடுத்து வடக்கு கிழக்கில் வாழும் தமிழ் பேசும் மக்களுக்கு, பின்னரே ஏனையோருக்கு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தமும் திட்டத்தால் இடம்பெயர்வோருக்கும் மாவட்டத்தின் காணியற்றோருக்கும் முன்னுரிமை என்றது. தேசிய காணி ஆணைக்குழு ஒன்றையும் விதித்தது. எத்தனையோ அரசாங்கங்கள் வந்துபோயின. அந்த ஆணைக்குழு மட்டும் அமைக்கப்படாமலே கிடந்து வந்துள்ளது. 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் அரச காணி மீதான அதிகாரம் மத்திய அரசுக்கே உரியது எனத் தீர்ப்பளித்ததும், எஞ்சியிருந்த நம்பிக்கையும் மெலிந்தது. தமிழர் கேட்டது மற்றவரை உள்ளே விடாதே என்பதல்ல. வரிசையில் எங்களை முதலில் நிறுத்து என்பதே. உலர்ந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாய்த் தாகத்துடன் வாழ்ந்தவன், வாய்க்கால் வெட்டப்பட்ட நாளில் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும் என்பது எந்த ஊர் நீதி?

நீர் எப்படி ஆயுதமாகும் என்பதை 2006இல் உலகமே பார்த்தது. யூலை மாதத்தில் மாவிலாற்றின் துருசு மூடப்பட்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த தமிழ்க் கிராமங்களுக்கு வாக்களிக்கப்பட்ட குடிநீர் வசதி கிட்டவில்லை என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. காரணம் நியாயமானதாக இருக்கலாம், செயல் நியாயமானதன்று. கீழே காய்ந்த வயல்களிற் சிங்களவருடையவை மட்டுமல்ல, முஸ்லிம்களுடையவையும் தமிழருடையவையும் இருந்தன. ஏழைக் கமக்காரனின் பயிரை வாட விட்டு அரசைப் பணிய வைக்க முடியாது. அதுதான் நடந்தது. அரசு பணியவில்லை, விமானங்கள் வந்தன. ஓகஸ்ட் 8ஆம் திகதி நீர் மீண்டும் திறந்துவிடப்பட்டது, போர் மூடப்படவில்லை. செப்டெம்பரிற் சம்பூர் வீழ்ந்தது. மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் மக்கள் வெருகலைக் கடந்து வாகரைக்கும், அங்கிருந்து குண்டுகளுக்கு ஊடாக மட்டக்களப்புக்கும் ஓடினர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான் ஆழிப்பேரலை அதே கரையைத் துடைத்துச் சென்றிருந்தது.

அவர்கள் 2007இல் திரும்பத் தொடங்கியபோது ஊர் இருந்தது. பெயர் மாறத் தொடங்கியிருந்தது. இலங்கைத்துறை முகத்துவாரம் "லங்காபட்டுன" ஆயிற்று. முருகனுக்குரியது என்று ஊரவர் சொல்லிவந்த குன்றின்மேல் விகாரை எழுந்தது. புத்தரின் புனித தந்தம் இக்கரையில் வந்திறங்கியது என்ற ஐதீகத்தை நம்பும் பௌத்தரின் உணர்வை மதிக்கிறேன். அந்த ஐதீகத்தைப் போற்ற அயலில் வாழ்பவனின் ஊர்ப்பெயரை அழிக்க வேண்டியதில்லை. முதலிக்குளம் மொரவெவ ஆனதும் இப்படித்தான். சம்பூரிலோ 2007 மே மாத வர்த்தமானி உயர் பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது; பின்னர் அனல் மின் நிலையம் வரப்போகிறது என்றார்கள். மின் நிலையத் திட்டம் 2016இற் கைவிடப்பட்டது. அதற்கிடையில் மக்கள் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளை முகாம்களிற் கழித்துவிட்டார்கள். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபுரிமைகளுக்கென ஜனாதிபதிச் செயலணி ஒன்று பாதுகாப்புச் செயலாளரின் தலைமையில் அமைக்கப்பட்டது. தமிழும் முஸ்லிமும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்தின் கடந்த காலத்தை ஆராய, அறிவிக்கப்பட்ட குழுவில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை!

வெருகல் ஆற்றைக் கடந்தால் மட்டக்களப்பு மாவட்டம். அங்கே மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளில் இதே கதையின் அடுத்த அத்தியாயம் நடந்தது. தமிழ்ப் பண்ணையாளர் காலங்காலமாகப் பட்டிகளை மேய்த்த நிலத்தில் வெளி மாவட்டத்துச் சிங்களக் கமக்காரர் வந்து சோளம் பயிரிட்டனர். மாடுகள் சுடப்பட்டன; சுருக்கிலும் சிக்கின. 2023 செப்டெம்பரிற் பண்ணையாளர் வீதியோரத்தில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். தலைப்பு வழக்கம்போலவே: "இரு தரப்பினரிடையே முறுகல்." மேய்ச்சல் தரையை வர்த்தமானியில் அறிவிக்காமல் விட்டவர் யார், பயிரிட வந்தவருக்குத் துணிவு தந்தவர் யார் என்ற கேள்விகள் தலைப்பில் இடம்பெறவில்லை.

இது இலங்கைக்கு மட்டும் வாய்த்த சாபமுமன்று. இராஜஸ்தானத்தின் தார் பாலைவனத்தில் 1958இல் வெட்டத் தொடங்கி, பின்னர் இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்ட பெருங்கால்வாய், மணலைக் கோதுமை வயலாக்கியது. குடியேறியோர் பயனடைந்தனர், ஆடும் ஒட்டகமும் மேய்த்துத் திரிந்த பழங்குடிகள் மேய்ச்சல் நிலத்தை இழந்தனர். பாலைவனத்துக்கு நீர் கொண்டுவந்தவர்கள், பாலைவனத்தில் வாழ்வதற்கு அறிந்திருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நமது சிலப்பதிகாரம் பாலையைத் தனி நிலமாகக் கொள்ளவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்த நிலையையே பாலை என்கிறது. ஈச்சிலம்பற்றுக்கும் இது பொருந்தும். ஆறு ஓடும் ஊர் தானாகப் பாலையாவதில்லை.

இனி, நமது பக்கத்துக்கும் வருவோம். "வந்தேறிகள்" என்ற சொல்லை மேடைகளில் முழங்குவோரைக் கேட்கிறேன்: வந்தேறி அல்லாதவர் யார்? மூதூரிலிருந்து வெருகல், வாகரை வரையான கரையில் வேடர் வழிவந்த மக்கள் வாழ்கிறார்கள். தமிழே அவர்களின் பேச்சு. 1911இல் வெளியான செலிக்மன் தம்பதியரின் நூல் கரையோர வேடரைத் தனியாக எடுத்துப் பேசியது. நமது கல்விமான்களும் கட்சிகளும் அவர்களைப் பற்றி என்ன பேசின? கோயிலில் எட்ட நிறுத்தினோம். பாடசாலையிற் பின்வரிசையில் இருத்தினோம். தேர்தலில் மட்டும் தமிழர் என்று எண்ணினோம். சிங்களக் குடியேற்றத்தை எதிர்க்க "பூர்வீகம்" என்ற வாதத்தை எடுப்பவர்கள், அந்த வாதத்தில் முதலுரிமை பெறும் மக்களுக்குக் காணியும் பாடசாலையும் கேட்டுப் பாராளுமன்றத்தில் எத்தனை முறை எழுந்தார்கள்? மற்றவருக்குச் சொல்லும் நீதி வீட்டுக்குள்ளும் செல்ல வேண்டும்.

சேருவிலவில் மூன்றாம் தலைமுறையாக வயல் செய்யும் சிங்களக் கமக்காரனை எழுந்து போ என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவன் அங்கேயே பிறந்தவன். அவனுடைய தகப்பனின் சாம்பலும் அந்த மண்ணிலேயே. போர்க்காலத்தில் எல்லைக் கிராமங்களில் வெட்டுண்டு மடிந்தவர்களும் அவனைப் போன்ற ஏழைகளே. அவர்களை அங்கே நிறுத்திய அமைச்சர்களின் பிள்ளைகள் அல்லர். அவனும் ஈச்சிலம்பற்றுக்காரனும் ஒரே ஆற்றின் நீரைக் குடிக்கிறார்கள். ஒருவன் மேல்மடை, மற்றவன் கடைமடை. அவர்களுக்கிடையில் தீர்க்க முடியாத பகை எதுவுமில்லை. தீர்க்கப்படாத பங்கீடு ஒன்றுதான் உண்டு.

ஆகவே கேட்க வேண்டியவை சிலவே. தேசிய காணி ஆணைக்குழு அமைக்கப்படட்டும். இனி வழங்கப்படும் ஒவ்வொரு அரச காணிக்கும் மாவட்டத்தின் காணியற்றோர் முதலில் என்ற விதி ஏட்டிலிருந்து நிலத்துக்கு இறங்கட்டும். மேய்ச்சல் தரைகளும் களப்புகளும் ஊரவரின் பொது உரிமையாக வர்த்தமானியிற் பதியப்படட்டும். வெருகல் ஆற்று நீரைப் பங்கிடும் மேசையிற் கடைமடைக் கிராமங்களுக்கும் ஆசனம் இருக்கட்டும். வீதிப் பலகையில் ஊரவர் வழங்கும் பெயர் முதலில் இருக்கட்டும். இவற்றில் எதற்கும் ஒரு சிங்களக் குடும்பமும் வெளியேற வேண்டியதில்லை.

பத்திரிகை நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்தத் தலைப்பை இடுமுன், அந்தக் காணிக்கு யார் கையொப்பமிட்டார், எந்த ஆண்டில், எவரை விலக்கி என்று கேட்டு எழுதுங்கள். மூன்றாவது தரப்பின் பெயர் செய்தியில் வரட்டும்.