சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர் பகிரும் ‘டிப்ஸ்’... எதை எடுத்துக்கலாம், எதை விடணும்?

தெரபி அறைக்குள் குழந்தை இருப்பது முக்கால் மணி நேரம்தான். மீதி 23 மணி நேரத்தைச் சமாளிக்கும் வழியைப் பல அம்மாக்கள் வெளியே பெஞ்சில், பக்கத்தில் இருப்பவரிடம்தான் கத்துக்கிறாங்க. “சாப்பிடும்போது இருமிக்கிட்டே இருக்கான்” என்று ஒருவர் சொன்னால், “தலையை அண்ணாந்து வச்சு ஊட்டாதீங்கக்கா” என்று பதில் வரும். சின்ன விஷயம் மாதிரிதான் தெரியும்.

ஆனால், பெருமூளை வாதம் உள்ள பல குழந்தைகளுக்கு விழுங்குவதே சிரமம். மடியில் படுக்கவைத்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரை கொண்டுபோகலாம். நிமிர்த்தி உட்காரவைக்கணும், தாடை லேசாகக் கீழே இருக்கணும், சின்ன ஸ்பூனில் ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். நீர்த்த கஞ்சியைவிடக் கொஞ்சம் கெட்டியானது பலருக்குச் சுலபம். எவ்வளவு கெட்டி என்பதை மட்டும் ஸ்பீச் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும். இதை மருத்துவர்கள் சொல்வதில்லை என்றில்லை. கூட்டமான ஓ.பி.யில் அதைச் செய்து காட்ட நேரம் கிடைப்பதில்லை.

பெஞ்சில் கேட்பதெல்லாம் சரியா?

இல்லை. வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்கும் பழக்கம் இன்னமும் போகவில்லை. பெரும்பாலான வலிப்பு சில நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும், பெயர் சாவிக்குப் போகிறது! ஒருக்களித்துப் படுக்கவைங்க, வாயில் எதையும் வைக்காதீங்க, கடிகாரத்தைப் பாருங்க. 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழைக்கணும். அதேபோல, “என் பொண்ணுக்கு இந்த மருந்து நல்லா கேட்டுச்சு” என்பதும் ஆபத்து. அளவு ஒவ்வொரு குழந்தையின் எடைக்கும் மாறும்.

தாமதமாகத் தெரியவரும் ஒன்று

ஊட்டுவது, குளிப்பாட்டுவது பற்றியெல்லாம் பேசும் இடத்தில் சட்டப் பேச்சு குறைவு. பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால், பெற்றோர் தானாகவே சட்டப்படியான பாதுகாவலராகத் தொடர முடியாது. வங்கிக் கணக்கு, சொத்து என்று வரும்போதுதான் பலருக்கு இது உறைக்கிறது. 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழு பாதுகாவலரை நியமிக்கும்.

இதே நால்வகையினருக்குத்தான் ‘நிராமயா’ காப்பீடும். 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது, தெரபி செலவுக்கும் ஒரு பகுதி உண்டு. ஆண்டுதோறும் புதுப்பிக்கணும், மறந்தால் போச்சு.

இரண்டுக்கும் எங்கே விண்ணப்பிப்பது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். பாதுகாவலர் விஷயத்தை 17 வயதிலேயே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.