சேவை செய்ய வந்த விருந்தாளி

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் நோக்கிப் புறப்பட்டால், பத்துக் கிலோமீட்டருக்குள் பொம்மையார்பாளையம் வந்துவிடும். வலப்பக்கம் கடலும் மீனவர் குப்பமும். இடப்பக்கம் மேட்டில் ஆரோவில் காடு. மீன் கூடை சுமந்து வரும் அம்மாளும், வாடகை ஸ்கூட்டரில் பறக்கும் ஐரோப்பிய வாலிபரும் இந்தச் சாலையில்தான் ஒருவரையொருவர் கடந்து போகிறார்கள்.

எதற்காக வந்தீர்கள் என்று வாலிபரைக் கேளுங்கள். சுற்றிப் பார்க்க வந்தேன் என்பவர் உண்டு. சேவை செய்ய வந்தேன் என்பவரும் உண்டு. முன்னவரால் ஊருக்குப் பெரிய நன்மையும் இல்லை, பெரிய தீமையும் இல்லை. பின்னவர் விஷயம்தான் யோசிக்க வேண்டியது.

அய்யனார் காட்டிய வழி

1968 பிப்ரவரி 28-ந் தேதி ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்த மேடு பொட்டல் காடு. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனை. மழை பெய்தால் செம்மண் கரைந்து ஓடைகளில் இறங்கிக் கடலில் கலக்கும். வந்த வெளிநாட்டார் வரப்பு கட்டினார்கள், மண்ணைத் தடுத்தார்கள், மரம் நட்டார்கள். முதலில் அவர்கள் நட்டவற்றில் ஆஸ்திரேலிய வேல மரம் நிறைய. வேகமாக வளரும், நிழல் தரும் என்பதே காரணம்.

ஆனால் இந்த மண்ணுக்குச் சொந்தமான காடு எது? அதற்கான விடை எந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் இல்லை. கிராமத்துக் கோயில் காடுகளில் இருந்தது! மரக்காணம் போகும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சூழ்ந்திருக்கும் காடு அப்படி ஒன்று. சாமி மரத்தில் கத்தி படக்கூடாது என்று நம் ஜனங்கள் பரம்பரையாகக் காத்து வைத்த வீரையும் உலக்கைப்பாலையும்தான் பாடம் சொல்லிக் கொடுத்தன. அவற்றின் இனங்களை மேட்டிலும் வளர்க்கத் தொடங்கினார்கள். குழி வெட்டியதிலும் தண்ணீர் சுமந்ததிலும் சுற்றுவட்டாரக் கிராமத்தாரின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அதை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் வீசிற்று. ஏராளமான மரங்கள் சாய்ந்தன. மறுபடியும் நடுவதற்கு அந்த வெளிநாட்டார் இங்கேயே இருந்தார்கள். பதினைந்து நாள் சேவைக்கு வந்தவராக இருந்தால் அதற்குள் எத்தனையோ முறை விமானம் ஏறியிருப்பார்.

அமெரிக்கா 1961-ல் ஆரம்பித்த 'பீஸ் கோர்' தொண்டர் படை நம் நாட்டுக்கும் ஆட்களை அனுப்பியது. 1976 வரையில் அவர்கள் இங்கே இருந்தார்கள். கோழி வளர்ப்புக்கு வந்தவர்கூட இரண்டு வருஷம் தங்கவேண்டும், உள்ளூர் பாஷையும் கற்கவேண்டும். அவர்களைப் பற்றிக் குறை சொன்னவர்களும் உண்டு. ஆனாலும் அந்த நிபந்தனை நல்ல நிபந்தனை.

படகும் பழைய துணியும்

இனி 2004 டிசம்பர் 26-க்கு வருவோம். சுனாமி அடித்து ஓய்ந்ததும் உலகமே இந்தக் கரைக்கு ஓடி வந்தது. கூடவே பழைய துணி மூட்டைகளும் வந்தன. அவை சாலையோரங்களில் குவிந்து மழையில் நனைந்து மக்கின. மீனவர் வீடிழந்தார், வலையிழந்தார், மானத்தை இழக்கவில்லையே! யாரோ உடுத்துக் கழித்ததை அவர் ஏன் தொடவேண்டும்?

படகு விஷயம் இதைவிட வேடிக்கை. தமிழகக் கடற்கரையில் பல இடங்களில், முன்பு இருந்ததைவிட அதிகமான பைபர் படகுகள் வந்து இறங்கின. கொடுத்தவர்கள் படம் பிடித்துக்கொண்டார்கள். படகு பெருகியதே தவிர, கடலில் மீன் பெருகவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தைக் கூப்பிட்டு "எத்தனை வேண்டும், எப்படிப்பட்டது வேண்டும்?" என்று கேட்டிருந்தால் அரை மணியில் தெரிந்திருக்கும்.

அதே சமயத்தில் வேறு விதமாக யோசித்தவர்களும் இருந்தார்கள். ஆரோவிலில் உள்ள 'உபாசனா' என்ற ஆடை வடிவமைப்புக் கூடம், துண்டுத் துணியில் 'சுனாமிகா' என்ற சின்னஞ்சிறு பொம்மை செய்ய மீனவப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. பொம்மைக்கு விலையில்லை, அன்பளிப்பாகத் தருவார்கள், விரும்பியவர் நன்கொடை கொடுக்கலாம். அது கடல் கடந்து பல தேசங்களுக்குப் போயிற்று. பெண்களுக்குக் கையில் வேலையும் வருமானமும் கிடைத்தன.

சட்டம் என்ன சொல்கிறது?

1946-ம் வருஷத்து வெளிநாட்டார் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்களுக்குப் பதிலாக, 2025 செப்டம்பர் 1 முதல் புதுச் சட்டம் அமலாகியிருக்கிறது. வெளிநாட்டாரைத் தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் சர்க்காருக்குத் தகவல் தரவேண்டும். விடுதிக்கு மட்டும் அல்ல, மாடி அறையை வாடகைக்கு விடும் வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும்.

மின் விசாவில் சுற்றுலா வருகிறவர், பணமோ வேறு கைம்மாறோ பெறாமல், ஒரு மாதத்துக்கு மேற்படாமல் தொண்டு செய்யலாம். அதற்கு மேல் என்றால் உரிய விசா வேண்டும். வேலை செய்தால் சாப்பாடும் படுக்கையும் இலவசம் என்கிறார்களே, அது கைம்மாறா இல்லையா? கைம்மாறு என்றே நமக்குத் தோன்றுகிறது. மேலும், பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிக்க வரும் வாலிபர் ஓர் உள்ளூர்த் தொழிலாளியின் ஒரு வாரக் கூலியைத் தம்மையறியாமலே எடுத்துக்கொள்கிறார். அந்த விமானக் கட்டணத்தில் எத்தனை சுவர்களுக்கு வெள்ளையடிக்கலாம் என்று யாராவது கணக்குப் பார்த்தார்களா?

குப்பத்துக் குழந்தைகளைப் பெற்றோரைக் கேளாமல் படம் பிடிப்பதும், வலை உலர்த்தும் மணலை உல்லாசக் கடற்கரை என்று நினைத்து அரைகுறை உடையில் படுத்திருப்பதும் சட்டப் புத்தகத்துக்கு அப்பாற்பட்ட விஷயங்கள். சொன்னால் பெரும்பாலோர் கேட்டுக்கொள்கிறார்கள். நம்மவர்கள்தான் சொல்வதில்லை, விருந்தாளி என்று சங்கோசப்படுகிறோம்.

இன்று பொம்மையார்பாளையத்தாரின் கவலை வேறு. புதுச்சேரித் துறைமுகத்துக்கு 1980-களில் அலை தடுப்புச் சுவர் கட்டிய பிறகு, வடக்கே நகரவேண்டிய மணல் தடைப்பட்டது. கடல் ஒவ்வொரு குப்பமாகக் கரையைத் தின்றுகொண்டு வடக்கே வருகிறது. தூண்டில் வளைவு போடுங்கள் என்று மீனவர்கள் கேட்கிறார்கள். இங்கே போட்டால் அடுத்த ஊர்க்கரை அரிக்குமே என்கிறார்கள் நிபுணர்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. மணல் போகும் வழியைக் கணக்கிட்டுச் சொல்லத் தெரிந்த வெளிநாட்டு எஞ்சினீயர் யாராவது, இரண்டு மழைக்காலம் தங்குவதாக வரட்டும். ஊர்ப் பெரியவர்கள் பாய் விரித்து உட்கார வைத்து, மீன் குழம்பும் ஊற்றுவார்கள்.